மிளகும் குளிசையும்

எனக்குக் கோபம் தலைக்கேறினாலும் இதயம் அளவோடுதான் அடிக்கும். உபயம்: பீற்றா புளொக்கர் என்ற மருந்துக் குளிசை, காலையும் மாலையும். சண்டிலிப்பாயில் எங்கள் தோட்டத்துக்குள் புகுந்த ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடி, மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் தெரியவந்தது. ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்கு ஆயத்தமாக என் இதயம் கூடுதல் நேரம் எடுக்கிறதாம். ஓடினால், திடுக்கிட்டால் தாளம் தப்பி உயிரே போகலாமாம். அபூர்வமான பரம்பரை வருத்தம் என்றார் டொக்டர். வீட்டில் எல்லோருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். ஒரு நாளும் மயங்கி விழாத அம்மாவுக்கும் அது இருந்தது. அவருக்கும் அதே குளிசை.

நான் அலட்டிக்கொள்ளவில்லை. மருந்து இருக்கிறது, ஒழுங்காகப் போட்டால் வாழலாம். அம்மாதான் குற்றம் செய்தவர்போலத் திரிந்தார்.

போன கந்தசஷ்டிக்கு விரதம் பிடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பட்டினி வேண்டாம், பாலும் பழமும் எடுங்கள், குளிசையை ஒரு வேளையும் விடக்கூடாது என்றார் டொக்டர். அம்மா நன்றாகத் தலையாட்டினார்.

விரதத்தின் நடுவில் ஒரு மாலை, கோயிலிலிருந்து வந்து படியேறும்போது தள்ளாடினார். கையைப் பிடித்தேன். நாடி குடுகுடுவென்று ஓடியது. அந்தக் குளிசை உள்ளே போனால் நாடி ஆறுதலாக, மெதுவாகத்தான் அடிக்கும். அதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"குளிசை போட்டனீங்களோ?"

"விரதத்திலை என்னெண்டு பிள்ளை போடுறது? மிளகும் தண்ணியும்தான்."

"மிளகை விழுங்கலாம், குளிசையை விழுங்கக்கூடாதோ? முருகன் வந்து சொன்னவரோ?"

"கத்தாதை. என்னாலைதானே உனக்கு உந்த வருத்தம் வந்தது. உன்ரை நெஞ்சு சுகமாக வேணுமெண்டுதான் பிடிக்கிறன். எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் இதயத்துக்காகத் தன் இதயத்தைப் பணயம் வைக்கிறாராம்! அம்மாவோடு வாதாடி வென்றவர் எங்கள் ஊரில் இல்லை. நான் வாதாடவில்லை. எங்கள் இருவரின் மாலைக் குளிசைகளையும் எடுத்துவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"நீங்கள் போடாட்டி நானும் போடமாட்டன்."

"உனக்கென்ன விசரோ?"

"ஓம். அதுவும் பரம்பரைதான்."

அம்மா முருகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு குளிசையை எடுத்து, சின்னப்பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் என் வாயில் வைத்தார். நான் விழுங்கவில்லை. நாக்கில் கசக்கக் கசக்க வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். அம்மா மற்றதைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த பிறகுதான் விழுங்கினேன்.