ஒருமுறை சொன்ன உயரம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. மூட்டை தூக்கப் போன மண்ணச்சநல்லூரிலேயே இன்று ரைஸ்மில் வைத்திருக்கிறேன். மூட்டைகளை அடுக்கிய அட்டிக்குள் கையை விட்டால் போதும், உள்ளே நெல் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்த வட்டாரத்தில் அப்படிச் சொல்ல இன்னொருவர் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

என் மகள் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். நெல் அட்டிக்குள் சூடு எப்படி ஏறி இறங்குகிறது என்பது அவள் ஆராய்ச்சி. தீபாவளி கழிந்ததும் எங்கள் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு சென்சார் வைத்தாள். அது மணிக்கு ஒருமுறை சூட்டை அளந்து அனுப்பும். அந்த அளவுகளை ஓர் ஆய்வு மையம் ஏற்றுக்கொண்டால்தான் அவள் வேலை மேலே நகரும்.

ஒருநாள் கம்ப்யூட்டரில் காட்டினாள். நேரமும் சூடும் வரிவரியாக இறங்கின. தரையிலிருந்து நாலடி உயரம் என்பது மட்டும் தலைப்பில் ஒரே ஒருமுறை இருந்தது. வரிக்கு வரி எழுதாமல் இதென்ன சோம்பேறித்தனம் என்றேன்.

"சென்சார் நகரலையேப்பா. மேல ஒரு தடவ சொன்னா கீழ இருக்கிற அத்தனை வரிக்கும் அதுதான்."

மையத்துக்கும் அது சம்மதமே. கடைசி வரி வரை அதே உயரம்தானா என்று உறுதி மட்டும் கேட்டிருந்தார்கள். ஆமாம் என்று மறுநாள் எழுதிவிடுவதாகச் சொன்னாள்.

மறுநாள் தை அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரை அம்மா மண்டபத்துக்குப் போனேன். வாத்தியார் தொடக்கத்தில் சங்கல்பத்தில் இடம், ஆறு, வருஷம், மாசம், திதி எல்லாவற்றையும் சொன்னார். பிறகு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது பெயர்களைத்தான் சொன்னார், இடத்தைச் சொல்லவில்லை. வருஷா வருஷம் கேட்பதுதான். அன்று மகள் பேச்சு மனதில் இருந்ததால் ஏன் என்று கேட்டேன்.

"ஒரு தரம் சொன்னாப் போறும், முடியற வரைக்கும் நிக்கும். நடுவுல எழுந்து கொள்ளிடக் கரைக்குப் போயிடாதேங்கோ, நான் மொதல்லேர்ந்து சொல்லணும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்கழியில் லாரிக்கு வழிவிட அந்த அட்டியைக் கலைத்து அடுக்கச் சொன்னது நான். மேஸ்திரி சென்சாரைப் பத்திரமாக எடுத்து மறுபடி வைத்தார். எந்த வரிசையில் என்று யார் பார்த்தார்கள்? தர்ப்பணம் முடிந்ததும் ஈர வேட்டியோடு படியில் நின்றே போன் போட்டேன்.

"எழுதிட்டியாம்மா?"

"இப்பத்தான் உக்காந்தேன்."

"எழுதாத. நடுவுல அட்டியக் கலைச்சு அடுக்கினோம்."

"என்னைக்குப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

லாரி வந்த நாள் மேஸ்திரிக்கு நினைவிருந்தது. அமாவாசையன்றே மகள் டேப்போடு குடோனுக்கு வந்து அளந்தாள்; சென்சார் இரண்டடியில் கிடந்தது. அளவுகளை இரண்டாகப் பிரித்து, அதனதன் தலைப்பில் அதனதன் உயரத்தை எழுதி அனுப்பினாள். இரண்டையும் மையத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்த அட்டியில் கை வைக்கும் முன் லோடுமேன்கள் அவளுக்குத்தான் போன் செய்கிறார்கள். என் மில்லில் என் சொல்லைத் தாண்டி இன்னொரு சொல் நிற்பது இதுதான் முதல் தடவை. அந்த உத்தரவைப் போட்டதும் நான்தான்.