வெறும் புட்டியின் எடை

சென்ற மாதம் வீடு மாறும்போது, பழைய கல்லூரிப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி உருண்டு வந்தது. என் சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும். அடியில் பழுப்பேறிய வெள்ளைப் பொடி கொஞ்சம். மூடியைத் திருகியதும் புளிக்காடி வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. ஆஸ்பிரின் பல வருடம் கிடந்தால் அப்படித்தான். காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து மறுபடி காடியாகிவிடும். ஜொகூர்க் காற்றுக்கு அந்த வேலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புட்டியைத் துடைக்கப் போன என் விரலோடு லேபல் கழன்று வந்துவிட்டது. அதில் குண்டு குண்டான எழுத்தில் எங்கள் மேசை எண்ணும், அதன் கீழே 'வெறும் புட்டி 11.42' என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் லாபிஸ் அண்ணன். நான் அப்படியே பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அட்டைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்த என் கணவர், இடுப்புப் பிடித்துக்கொண்டதோ என்று பயந்துபோனார்.

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் நான் கரிம வேதியியல் படித்த காலம் அது. பாடத்தைவிட அதன் ஆய்வுக்கூட வகுப்புக்குத்தான் எல்லாரும் நடுங்குவோம். அதை நடத்தியவர் ஒரு மலாய்ப் பெண்மணி. மலாய் வழக்கப்படி மரியாதையாக, புவான் என்றுதான் அழைப்போம். அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் மதிப்பெண் விஷயத்தில் கறார். எட்டு சோதனைகளுக்குத் தலா பத்து, கடைசிச் சோதனைக்கு மட்டும் இருபது, ஆக நூறு. ஐம்பது வந்தால் தேர்ச்சி. செய்முறையை முன்கூட்டியே எழுதி வராதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார். குறிப்பேட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். பிழை வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே இருக்கும் எண் தெரிய வேண்டும். "தப்பு செய்ததற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை, தப்பை மறைத்ததற்குத்தான் குறைப்பேன்" என்று மலாயிலும் ஆங்கிலத்திலுமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் தலையாட்டுவோம், நம்பமாட்டோம்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கார்பன் வைத்த மஞ்சள் நகல் உண்டு. வகுப்பு முடிந்து வெளியேறும்போது நகலைக் கிழித்துக் கதவருகே உள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டும். இன்னொரு விதியும் இருந்தது. மேசைக்கு இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே பொருள். இரண்டு குறிப்பேடுகளிலும் எடை வேறுவேறாக இருந்தால் அந்தச் சோதனைக்கு இருவருக்கும் சுழியம். பார்த்து எழுதுவதைப் பிடிக்க விதி இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பார்க்காமல் எழுதினால் பிடிக்கும் விதியை அங்கேதான் பார்த்தேன்.

என் மேசைக்கு வாய்த்தவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். லாபிஸிலிருந்து வந்ததால் வகுப்பில் எல்லாருக்கும் அவர் லாபிஸ் அண்ணன். இந்த வகுப்பை இரண்டாம் முறை எடுத்தார். முதல் முறை அவருடைய அப்பா சிகாமட் மருத்துவமனையில் கிடந்தபோது இரண்டு வாரம் வரவில்லை. இரண்டு வகுப்பு தவறினால் தோல்வி என்பது விதி. மறுபடி தோற்றால் படிப்பை விட்டே போக வேண்டும். இதை அவர் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார், ஏதோ குடை கொண்டுவர மறந்துவிட்டதைச் சொல்வதுபோல.

அவருக்குக் கை கொஞ்சம் மந்தம். அவர் ஊற்றினால் பாதி புனலில், பாதி மேசையில். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் மாறவே மாறாது. புட்டியை எடுத்ததும் லேபலை ஒட்டுவார், ஒட்டிய பிறகு வெறும் புட்டியைத் தராசில் வைத்து எடை பார்த்து லேபலிலேயே எழுதுவார். எல்லாப் புட்டியும் ஒரே பெட்டியில் வந்தவைதானே, ஒன்றைப் பார்த்தால் போதாதா என்று நான் சிரிப்பேன்.

"ஒவ்வொன்னும் வேற வேற மா. லேபல் கூட எடைதானே. வெறும் புட்டி எவ்வளவுன்னு தெரியாம உள்ள இருக்கறத எப்படி சொல்றது?" என்பார். தராசுக்கு வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் விழாது.

கடைசிச் சோதனை ஆஸ்பிரின். அதற்கு முன் எனக்கு எழுபத்தொன்று, அவருக்கு நாற்பத்திரண்டு. அவருக்கு எட்டு வேண்டும், அவ்வளவுதான். எனக்கு எதுவும் வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு மிக உயர்ந்த தரம் வேண்டும். வகுப்பில் முதலாவதாக வரும் பெண் என்ற பெயர் எனக்குத் தேனாக இனித்த காலம்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியமே மழை பிடித்துக்கொண்டது. குழாய்த் தண்ணீரின் வேகத்தில் உறிஞ்சும் வடிகட்டி, தண்ணீர் சன்னமாக வந்ததால் சரியாக உறிஞ்சவில்லை. வெள்ளைப் படிகங்கள் களிபோல் தாளோடு ஒட்டிக்கொண்டன. ஓவனுக்கு முன்னால் நீண்ட வரிசை. கதவில் தொங்கிய தாளில் பெயர் எழுதிக் கையெழுத்திட்டுத்தான் உள்ளே வைக்க முடியும். ஐந்து மணிக்கு நகல் பெட்டி மூடப்படும். வேறு வழியில்லாமல் அப்படியே எடை போட்டோம். இரண்டு புள்ளி ஒன்பது கிராம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுசாகக் கிடைத்தாலே இரண்டு புள்ளி ஆறுதான் வர வேண்டும். எங்களுக்கு நூற்றுப் பதினொரு விழுக்காடு கிடைத்திருந்தது.

"அலமாக், உலக சாதனை லா," என்று அண்ணன் சிரித்தார்.

"சிரிக்காதீங்கண்ணே. இத எழுதினா புவான் என்னா நினைப்பாங்க?"

"ஈரமா இருக்குன்னு நினைப்பாங்க. ஈரமாத்தானே இருக்கு?"

சொன்னதையே எழுதினார். 2.90 என்று போட்டு, கீழே 'பொருள் ஈரமாக உள்ளது, இந்த எடையை நம்ப முடியாது' என்று ஒரு வரி. புட்டியை ஈரம் உறிஞ்சும் கண்ணாடிச் சாடிக்குள் வைத்தார். நகலைக் கிழித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, லாபிஸ் ரயிலைப் பிடிக்க மழையில் ஓடினார்.

நான் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மேசைக்காரிக்கு இரண்டு புள்ளி இரண்டு கிடைத்ததாம்; பெருமையாகச் சொன்னாள். என் பேனா அது பாட்டுக்கு 2.30 என்று எழுதியது. எண்பத்தெட்டு விழுக்காடு, பார்க்க அழகான எண். பெட்டிக்குள் என் நகலைப் போடப் போனபோதுதான் மேலாக அவருடைய மஞ்சள் தாள் கிடப்பதைக் கண்டேன். இரண்டும் ஒத்துப்போகாது, இருவருக்கும் சுழியம், அவர் படிப்பு முடிந்தது. எல்லாம் அந்த நொடியே புரிந்தது. கையில் பேனா இருந்தது. ஒரு கோடு, ஒரு கையெழுத்து. புவானுக்கு இருபது மேசை, எங்கே ஒப்பிடப் போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாளைப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை புவான் கூப்பிட்டனுப்பினார். அண்ணன் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை. இரண்டு மஞ்சள் தாள்களையும் அருகருகே வைத்தார். எது சரி என்று மட்டும் கேட்டார். நான் வாய் கூசாமல் சொன்னேன்: அவர் ஈரத்தோடு எடை போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டார், நான்தான் ஓவனில் காயவைத்து மறுபடி எடை போட்டேன்.

புவான் எழுந்து சாடியிலிருந்து புட்டியை எடுத்தார். வேறொரு மேசையின் புட்டியாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். பாதிப் பேர் வெறும் புட்டியின் எடையை எங்கும் எழுதியதில்லை. எங்கள் புட்டியில் எழுதியிருந்தது. தராசு 13.22 காட்டியது. லேபலைப் பார்த்துக் கழித்தார். ஒன்று புள்ளி எட்டு. மூன்று நாள் சாடியில் காய்ந்ததன் உண்மையான எடை.

"நீ காயவைத்தது சரியாகக் காயவில்லை போலிருக்கிறது" என்றார். பிறகு ஓவன் கதவிலிருந்த தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். வெள்ளிக்கிழமை வரிசையில் என் கையெழுத்து இல்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விதிப்படி இருவருக்கும் என்றிருந்தும், எனக்கு மட்டும் சுழியம் போட்டார். அண்ணனின் தாளில் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் பெரிய சரி போட்டு, இருபதுக்குப் பதினான்கு கொடுத்தார். ஐம்பத்தாறு. தவணை முடிந்ததும் குறிப்பேட்டையும் புட்டியையும் என் கையிலேயே கொடுத்துவிட்டார். ஏன் எனக்கு என்று நான் கேட்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். அந்த வாரப் புதன்கிழமையே அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே அவருடைய அம்மா சுட்ட அச்சு முறுக்கு.

"பாஸ் மா. உன் எடையும் என் எடையும் ஒத்துப்போகலன்னு பசங்க சொன்னாங்க. புவான்கிட்ட நீதான் எடுத்துச் சொல்லியிருக்கே. இல்லாட்டி நான் இன்னிக்கு மூட்டைய கட்டியிருப்பேன். அம்மா உனக்குன்னு சுட்டாங்க."

நான் டின்னை வாங்கிக்கொண்டேன். விடுதி அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

இன்று நானே வேறொரு கல்லூரியில் அதே வகுப்பை நடத்துகிறேன். என்னைக் கறார் என்று மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது தெரியும். ஒவ்வொரு தவணையும் யாராவது நூற்று நான்கு, நூற்று எட்டு விழுக்காடு என்று எழுதி, பக்கத்தில் 'ஈரம்' என்று போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நிற்பார்கள். அவர்களுக்கு நான் தாராளமாகக் கொடுப்பது மற்றவர்களுக்குப் புரிவதில்லை. அண்ணன் சிகாமட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் பரிசோதிக்கிறார். தீபாவளிக்கு வாழ்த்து வரும், நானும் அனுப்புவேன். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை.

புட்டி கிடைத்த மறுநாள் அதையும் குறிப்பேட்டையும் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். மாணவர்கள் போன பிறகு பழைய பக்கத்தைத் திறந்து, 2.30 மேல் ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் 1.80 என்று எழுதிக் கையெழுத்தும் இன்றைய தேதியும் வைத்தேன். பிறகு புட்டியைத் தராசில் வைத்தேன், 12.81. பழைய லேபல்படி கழித்தால் உள்ளே ஒன்று புள்ளி மூன்று ஒன்பது மிச்சம். பக்கத்தைப் படம் பிடித்து, அன்று புவானிடம் நான் சொன்ன பொய்யை அப்படியே எழுதி, லேபல் கையோடு வந்ததையும் இன்றைய எடையையும் சேர்த்து அண்ணனுக்கு அனுப்பினேன். முறுக்கை வாங்கியிருக்கக் கூடாது என்றும் எழுதினேன்.

பதிலுக்குக் காத்திருந்த அரை மணி நேரமும் தரையைப் பெருக்கினேன், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன். பிறகு கைப்பேசி மினுங்கியது.

"லேபல் கழண்டுடுச்சுன்னு சொல்றே. அப்ப 11.42 செல்லாது மா. புட்டிய கழுவி காயவச்சு மறுபடி நிறு. அவசரப்படாதே, எனக்கு இன்னிக்கு ரயில் ஏதும் இல்ல."

ஆய்வுக்கூடத் தொட்டியடியில் நின்று சிரித்தேன், பாதியில் அழுகையும் வந்துவிட்டது. பொடியைக் கொட்டினேன். புட்டியை மூன்று முறை அலசி ஓவனுக்குக் கொண்டுபோனேன். கதவில் தொங்கிய தாளில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன்.