சுடாத துவக்கு

அந்தக் கிழவன் ஒரு துவக்கு விசரன். லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் பெரிய வீடு. மனைவி செத்துப்போனாள், பிள்ளைகள் எட்டியும் பார்ப்பதில்லை. வரவேற்பறை அலுமாரி முழுக்கத் துவக்குகள். ஏதோ படைப்பிரிவுக்கு நூறு வயது, ஏதோ தளபதிக்குப் பிறந்தநாள் என்று நினைவுக்காகச் செய்து, தங்க எழுத்துப் பொறித்து விற்றவை. ஒன்றுகூட ஒருநாளும் வெடித்ததில்லை. சுட்டால் பெறுமதி போய்விடுமாம். வெறுங்கை பட்டாலே குறைந்துவிடுமாம். என்னத்தைச் சொல்ல! துவக்கு என்றால் என்னவென்று அறியாதவனுக்குத்தான் அது அலங்காரச் சாமான்.

நான் வன்னியிலிருந்து, சண்டைக்குள்ளால் வந்தவள்; அவன் வீட்டில் வேலைக்காரி. அலுமாரிக் கண்ணாடியை வெளிப்பக்கம் துடைப்பேன், உள்ளே கை வைக்கமாட்டேன். அதை அவன் மரியாதை என்று நினைத்துக்கொண்டான். எனக்கு அது அருவருப்பு.

ஒருநாள் காலையில் கதவைத் திறந்து உள்ளே போகிறேன், ஆள் பெனியனோடு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறான். கையில் ஆகப் பெறுமதியான பிஸ்டல். கண்ணாடியில் தெரிந்த தன்னையே குறிபார்த்து, வாயால் "டுமீல்" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன்.

பிறகு அவனுக்கு அந்தப் பிஸ்டலை விற்க ஆசை வந்தது. என் பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, முடிகிற நேரம். வேலை ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்து வைத்தால்தான் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்கலாம். "விலை மதிப்பவர் வந்து போகட்டும்" என்று இழுத்தடித்தான்.

மதிப்பவன் வந்தான். வெள்ளைக் கையுறை போட்டு, பிஸ்டலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிடிக்கு மேலே விரல் அடையாளமாகத் துரு. "யாரோ வெறுங்கையால் பிடித்திருக்கிறார்கள். வேர்வை அரித்துவிட்டது. இனி இதற்கு நல்ல விலை கிடைக்காது" என்றான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! கிழவனின் முகம் வெளிறியது. என்னைக் கூப்பிட்டான்.

"துடைக்கும்போது நீதானே இதை எடுத்தாய்?"

மேசையில் என் ஒப்பந்தம் கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே அவன் கை. பேனாவை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"ஆம் சிஞ்ஞோரே, நான்தான்" என்றேன்.

"என்ன செய்வது, இவர்களுக்கு இதன் அருமை தெரியாது" என்று மதிப்பவனிடம் சொன்னான். அவன் போனதும் கிழவன் கையெழுத்து வைத்துத் தந்து, "உன்னை மன்னித்துவிட்டேன்" என்றான். மன்னித்தானாம்! தூ!

அல்பெர்கேரியா என்ற ஏழைப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் மன்னார் அக்காவிடம் அன்று பின்னேரம் சொன்னேன். அவவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"செய்யாததை ஏனடி ஒத்துக்கொண்டனீ? உனக்கு வாய் இல்லையே?"

"இருக்குதக்கா. இந்த வாயாலைதான் முகாமிலை விசாரிச்ச ஆமிக்காரனுக்கெல்லாம் சொன்னனான், நான் துவக்குத் தொடேல்லை எண்டு. ஒருத்தனும் நம்பேல்லை. இண்டைக்குத் தொட்டனான் எண்டன். உடனை நம்பிட்டாங்கள்."