இன்பென்டாவின் காலண்டரில் நான் ஒட்டிய தோணி

1. பஸ் ஸ்டாப்பில் ஒரு பிள்ளை

"டீச்சர், எங்கன வந்துக்கிட்டிருக்கிய? பிள்ளைய காணோம்!"

போனில் பேசியவர் வேம்பாரில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. தூத்துக்குடி மில்லர்புரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்குத்தான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். விளாத்திகுளம் வட்டாரத்துக்கு ஸ்பெஷல் எஜுகேட்டராக மாற்றலாகி அது முதல் வாரம். காணாமல் போனதும், நான் பார்க்கப் போவதும் ஒரே பிள்ளை. பெயர் இன்பென்டா, வயது ஏழு, இரண்டாம் வகுப்பு, ஆட்டிசம், பேச்சு இல்லை. ஃபைலில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"கடக்கரைக்கு ஆள் அனுப்பிருக்கேன். வள்ளத்துக்காரவ எல்லாரும் தேடுதாவ. சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வேம்பாரில் நான் இறங்கப் படியில் கால் வைத்தபோது, கீழே யூனிஃபார்மில் ஒரு சிறுமி நின்றிருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் இறங்கியவர்களின் பைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பஸ் புறப்பட்டதும் ரோட்டோரம் தரையில் உட்கார்ந்து, தூத்துக்குடி பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இரண்டு கை தூரம் தள்ளி உட்கார்ந்துகொண்டு தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். சிறிது நேரத்தில் அவள் அம்மா செல்வராணி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏளா இன்பா, இங்கனயா இருக்க? உசுரே போயிட்டுதேளா!"

மகளைக் கட்டிக்கொண்டு அழுதவள் கொஞ்சம் அடங்கியதும் சொன்னாள்: "அவ அப்பா தோணிக்குப் போயிருக்காவ டீச்சர். தேடுதா."

எங்கள் பக்கம் தோணி என்றால் மரத்தில் கட்டிய பெரிய சரக்குக் கப்பல். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் காய்கறி, சிமெண்ட், ஜல்லி எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவில் இருக்கும் மாலேவுக்குப் போகும். இன்பென்டாவின் அப்பா சூசை அதில் வேலை பார்த்தார். போனால் மூன்று வாரமும் ஆகும், ஐந்து வாரமும் ஆகும்.

அப்பாவைத் தேடும் பிள்ளை கடலுக்குத்தான் போயிருக்கும் என்று ஊரே நினைத்தது. ஆனால் சூசை கடலிலிருந்து வீட்டுக்கு வந்ததே இல்லை. தூத்துக்குடியில் தோணியை விட்டு இறங்கி, எப்போதும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் வந்திருக்கிறார். அது இன்பென்டாவுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் விளங்காத பிள்ளை என்று எல்லாரும் சொன்ன பிள்ளை, எல்லாரையும்விடச் சரியான இடத்தில் போய் நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சட்டம் எனக்கும் தெரியும் டீச்சர், வெளிய அனுப்பக் கூடாது. ஆனா அஞ்சு கிளாசுக்கு நாங்க ரெண்டே பேரு. நாளைக்கே ரோட்டுல ஒரு லாரி வந்து… யாரு பதில் சொல்லுவா? வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடச் சொல்லுங்க."

அவர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார். "எனக்கு ஒரு டெர்ம் குடுங்க மேடம்" என்று கேட்டேன். "கிறிஸ்மஸ் லீவு வரைக்கும்" என்றார்.

2. கிரைண்டர்மேல் கன்னம்

செவ்வாயும் வெள்ளியும் காலையில் பள்ளி, மாலையில் அவள் வீடு என்று வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சும்மா பார்த்தேன். இன்பென்டா சீனி போட்ட இடியாப்பம் மட்டும் சாப்பிடுவாள். குழம்பு ஒரு சொட்டு பட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். செல்வராணி மாவாட்டும்போது ஓடி வந்து, கிரைண்டரின்மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த அதிர்வு அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். மெஷின் நின்றதும் அம்மாவின் கையை எடுத்து சுவிட்ச்மேல் வைப்பாள்.

"மாவு முடிஞ்சாலும் இவளுக்காக வெறும் கிரைண்டர ஓட்டுவேன் டீச்சர்" என்று சிரித்தாள் செல்வராணி. "இவ அப்பா இருந்தா ரெண்டு மட்டம் கூட ஓட்டுவாவ."

பிறகு விஷுவல் ஷெட்யூல் ஆரம்பித்தோம். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைப் படமாகச் சுவரில் வரிசையாக ஒட்டுவது. பல் தேய்க்கிற படம், இடியாப்பம், பள்ளிக்கூட வாசல், வீடு. கடையில் விற்கும் படங்கள் அவளுக்குப் புரியவில்லை. அவள் பிரஷ்ஷையும் அவள் தட்டையும் போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டியபோது புரிந்தது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் என் போட்டோ. ஒன்று முடிந்ததும் அந்த அட்டையைக் கழற்றி டப்பாவில் போடவேண்டும். ஆறு வாரத்தில் தானாகவே கழற்றிப் போட ஆரம்பித்தாள்.

ஆனால் தினமும் காலையில் அப்பாவின் சட்டையை எடுத்து வந்து அம்மா மடியில் வைப்பாள். அதுதான் அவள் கேள்வி. செல்வராணியும் தினமும் ஒரே பதிலைச் சொல்வாள்: "அப்பா நாளைக்கு வந்துருவாவ."

3. பதினான்கு கட்டம்

இந்த 'நாளைக்கு' தான் பிரச்சினை என்று எனக்குத் தோன்றியது. இடையில் ஒரு தடவை வந்துவிட்டு மறுபடியும் தோணிக்குப் போயிருந்த சூசையிடம், எப்போது வருவார் என்று போனில் கேட்கச் செல்வராணியிடம் சொன்னேன். இன்னும் பதினான்கு நாளில் வந்துவிடலாம் என்றிருக்கிறார். நான் பெரிய சார்ட்டில் காலண்டர்போலப் பதினான்கு கட்டங்களை அட்டையில் வெட்டி ஒட்டி, கடைசிக் கட்டத்தில் அவருடைய தோணியின் போட்டோவை ஒட்டினேன். ஒவ்வொரு காலையிலும் ஒரு கட்டத்தைக் கழற்றவேண்டும்.

நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டையை எடுத்து வருவது நின்றது. வகுப்பில் மணியடிக்கும்வரை உட்கார்ந்தாள். "இந்தப் பிள்ளையா அது!" என்றார் தலைமையாசிரியை. வட்டார வள மையத்தில் நடந்த ரிவ்யூ மீட்டிங்கில் அந்த சார்ட்டைக் காட்டிப் பேசினேன். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் மாலை செல்வராணி போன் செய்தாள். "டீச்சர், தோணி இன்னும் மாலேயிலதான் கெடக்காம். சரக்கு எறக்க எடம் கெடைக்கலையாம். என்ன செய்ய?"

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். தாயும் மகளும் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார்கள். கடைசிக் கட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளே அம்மாவை இழுத்து வந்திருக்கிறாள். அடுத்த பஸ் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நான்காவது பஸ்ஸும் போனபிறகு மின்கம்பத்தில் தலையை இடிக்க ஆரம்பித்தாள். நடுவில் என் கையைக் கொடுத்தேன். கடித்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எங்கள் தொழிலில் இதை மெல்ட்டவுன் என்போம். அடம் என்று நினைத்து அதட்டினால் இன்னும் மோசமாகும். மூன்று பேரும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம், அவள் ஓயும்வரை.

வீட்டுக்கு வந்ததும் சார்ட்டைக் கிழித்தாள். அதோடு நிற்கவில்லை. சாப்பாடு, பாத்ரூம் என்று இருந்த எல்லா அட்டைகளையும் பிய்த்துப் போட்டாள். அதன்பிறகு எந்த அட்டையையும் தொடவில்லை. மூன்று மாத வேலை ஒரே காலையில் போயிற்று.

செல்வராணி என்னிடம் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "நான் நாளைக்கு நாளைக்குன்னு வாயால பொய் சொன்னேன் டீச்சர். நீங்க அத செவுத்துலயே ஒட்டி வச்சிட்டிய."

பஸ்ஸில் திரும்பும்போது அந்த வார்த்தைதான் காதில் கேட்டது. அவள் சொன்னது சரி.

4. விரித்த இரண்டு கைகள்

பதினொரு நாள் தாமதமாக சூசை வந்தார். நான் போனபோது இன்பென்டா அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"போவும்போது இவகிட்ட என்ன சொல்லிட்டுப் போவிய?" என்று சூசையிடம் கேட்டேன்.

அவர் தலை குனிந்தார். "சொல்லுறதில்ல டீச்சர். விடியுமுன்ன இவ தூங்கும்போதே கெளம்பிருவேன். முழிச்சிருந்தா சட்டைய விடமாட்டா. என்னால பாக்க முடியாது."

"கண்ண முழிச்சுப் பாத்தா அப்பா இல்ல. அவளுக்கு எப்படி இருக்கும்?"

"எப்ப வருவேன்னு எனக்கே தெரியாதே டீச்சர். காத்து இருக்கு, சரக்கு இருக்கு, பேப்பர் கெடைக்கணும். எங்க தண்டலுக்கே தெரியாது" என்று இரண்டு கைகளையும் விரித்தார். தண்டல் என்பவர் தோணியின் தலைவர்.

"அப்ப அதையே சொல்லுவோம். கைய அப்படியே வைங்க" என்று சொல்லி போட்டோ எடுத்தேன். அதுதான் 'தெரியாது' அட்டை.

அதற்குமுன் எனக்கு ஒரு வேலை இருந்தது. அன்று அவள் பஸ் ஸ்டாப்புக்குக் கழற்றிக்கொண்டு வந்த அந்தத் தோணிப் படத்தை எடுத்து இன்பென்டாவின் முன்னால் வைத்தேன். "டீச்சருக்கு நாள் தெரியாது. தெரியாமலே ஒட்டிட்டேன். தப்பு என்மேல" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் கிரைண்டருக்கு அடியில் சொருகிவிட்டாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பேச்சில்லாத பிள்ளையிடம் மன்னிப்பு கேட்பதில் நமக்குத்தான் கூச்சம். பிள்ளைக்கு இல்லை.

'தெரியாது' அட்டையைச் சின்ன விஷயங்களில் தொடங்கினோம். கரண்ட் போனால், எப்போது வரும்? தெரியாது. அட்டையைக் காட்டுவது. கூடவே தெரிந்த ஒன்றையும் காட்டுவது: விசிறி. பஸ் எப்போது வரும்? தெரியாது. நிழலில் உட்காருவோம். தெரியாததோடு தெரிந்த ஒன்றைக் கையில் கொடுத்தால் அவளால் தாங்க முடிந்தது.

தேதி போட்ட கட்டங்களுக்குப் பதிலாக மூன்று படங்கள் மட்டும் வைத்தோம். தோணி மாலேயில், தோணி கடலில், தோணி தூத்துக்குடியில். சூசை போன் செய்து சொன்னபிறகுதான் படம் மாறும். தூத்துக்குடிப் படம் வந்தால்தான் பஸ் படம்.

டிசம்பர் தொடக்கத்தில் சூசை கிளம்பினார். முதல் தடவையாகப் பட்டப்பகலில், மகள் பார்க்கக் கிளம்பினார். அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அட்டையைக் காட்டினார். "அப்பாவுக்குத் தெரியாதும்மா. ஆனா வருவேன்" என்றார். அழுதாள், நன்றாக அழுதாள். பஸ் போன பிறகும் அழுதாள். பிறகு செல்வராணியின் கையைப் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பக்கம் இழுத்தாள். சுவரில் மறுபடியும் ஒட்டியிருந்த காலண்டரில் அன்றைக்கு அடுத்த படம் பள்ளிதான்.

கிறிஸ்மஸ் லீவு முடிந்தும் அவள் அங்கேதான் படித்தாள். அதிகாரி என்றைக்கு விசிட் வருவார் என்று யாரோ கேட்டபோது தலைமையாசிரியை இன்பென்டாவிடமிருந்து அட்டையை வாங்கிக் காட்டினாராம். "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க டீச்சர், இந்த ஸ்கூலுக்கு அதுதான் ரொம்பத் தேவை" என்றார்.

5. ஞாயிற்றுக்கிழமை

இந்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். இன்பென்டா இப்போது ஒன்பதாம் வகுப்பு. பேச்சு வரவில்லை. போனில் டைப் செய்கிறாள், எழுத்துப் பிழையோடு, அதிகாரத்தோடு. குழம்பு இன்னும் கிடையாது. சூசை இன்னும் தோணிக்குப் போகிறார்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஸ்பெஷல் எஜுகேட்டர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உறுதியாகத் தெரியாததைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒட்டி, அது தவறிவிட்டால், மீட்டிங்கில் விளக்கம் சொல்வதற்கு முன்னால் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கள். நாம் சொல்வதை அப்படியே நம்புகிற பிள்ளைகள் இவர்கள். நமக்கு அது பெரிய பொறுப்பு.

கடைசி நாள் அவள் வீட்டுக்குப் போனேன். சுவரில் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இன்னும் என் போட்டோ இருந்தது. "டீச்சர் இனிமே செவ்வாய்க்கிழமை வரமாட்டேன், வெள்ளிக்கிழமையும் வரமாட்டேன்" என்று சொல்லி, இரண்டையும் நானே கழற்றி அவள் கையில் கொடுத்தேன். செல்வராணி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்பென்டா இரண்டு போட்டோவையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றை டப்பாவில் போட்டாள். மற்றதைக் கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமையில், பூசைக்குப் போகிற கோயில் படத்துக்குக் கீழே ஒட்டி, கையால் அழுத்தி விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேம்பார் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை. எல்லா வாரமும் என்னால் போகவும் முடிவதில்லை. முடியாத வாரம் சனிக்கிழமையே செல்வராணிக்குப் போன் செய்து, அந்தப் போட்டோவைக் கழற்றி வைக்கச் சொல்லிவிடுகிறேன்.