அயலவர் கையெழுத்து

எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான். ஆளுக்கு அரைப்பங்கு என்று காணி உறுதியில் எழுதியிருக்கிறது. எப்படி அள்ளுவது என்று எழுதவில்லை. காலையில் வாளியால் அள்ளுவோம், வெயில் ஏறியதும் விட்டுவிடுவோம், பொழுதுபடும்வரை கிணறு ஊறும். ஆனி, ஆடியில் இந்த ஒழுங்கு தவறினால் தண்ணீர் உவர்க்கும். உவர்த்தால் பிறகு மாரி மழை வரும்வரை உவர்தான்.

பக்கத்து வீட்டுக்காரன் என் சித்தப்பாவின் மகன், கனடாவில் இருக்கிறான். இரண்டு வருடங்களுக்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"நயினாதீவுக் கோயிலுக்குப் போற சனம் ஒரு நாள், ரெண்டு நாள் தங்கிப் போகட்டும் அக்கா. வீடு பூட்டிக் கிடந்து கறையான் அரிக்குது. பிரதேச சபை அனுமதிக்கு உங்கடை கையெழுத்து ஒண்டு வேணும்."

"ஓம், அனுப்பு" என்றேன். வேறென்ன சொல்வது? மாட்டேன் என்றால் அக்காவுக்கு எரிச்சல் என்று கனடா முழுக்கக் கதை போயிருக்கும்.

அந்தப் படிவம் எனக்குப் புதிதல்ல. இருபத்தாறு வருடம் சபையில் இலிகிதராக இருந்தவள் நான். அதைத் தட்டச்சு செய்ததே நான்தான். மலசலகூடம் எத்தனை, வாகனம் நிறுத்த இடமுண்டா, தீயணைக்க மணல்வாளி உண்டா. கடைசியில் அயலவர் இருவர் 'ஆட்சேபனை இல்லை' என்று ஒப்பமிட இரண்டு கோடுகள். அந்தக் கோடுகள் வெறுமையாக வந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. எல்லோரும் மனமொத்துத்தான் ஒப்பமிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். சொந்தக்காரரிடம் போய் ஆட்சேபனை உண்டா என்று கேட்பது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்பது என் பேனாவைத் திறந்தபோதுதான் விளங்கியது. விளங்கியும் ஒப்பமிட்டேன்.

அவன் அங்கிருந்தே ஆள் பிடித்துக் கிணற்றுக்கு மோட்டர் பூட்டினான். கூரைமேல் பெரிய தண்ணீர்த்தாங்கி வைத்தான். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கெட்ட சனமென்று சொல்லமாட்டேன். படகால் இறங்கி, வேர்த்துக் களைத்து வருவார்கள், குளிப்பார்கள், உடுப்புத் தோய்ப்பார்கள், வெக்கை தாங்காமல் மறுபடி குளிப்பார்கள். நட்ட நடு மத்தியானம் மோட்டர் இரையும்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "மத்தியானத்திலை மோட்டர் போடாதேங்கோ, கிணறு ஊற வேணும்" என்பேன். "ஓம் ஆன்ரி" என்பார்கள். கேட்கவும் செய்வார்கள். அடுத்த நாள் போய்விடுவார்கள். அதற்கடுத்த நாள் வேறு முகங்கள். வருடக்கணக்கில் வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு தரம் சொன்னால் போதும். இவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தரம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அலுத்துப்போனது. கனடாவுக்கு எடுத்துத் தம்பியிடம் சொன்னேன். "ஒரு போர்ட் எழுதிக் கொழுவி விடுங்கோ அக்கா" என்றான். எழுதிக் கொழுவினேன். அதில் துவாய் காயப்போட்டார்கள்.

இந்த ஆடியில் ஒரு நாள் காலைத் தேத்தண்ணி உப்புக் கரித்தது. கோபம் தலைக்கேறி, முகம் கழுவிய கையோடு சபைக்குப் போனேன். என் கதிரையில் இப்போது இருப்பவள் நான் வேலை பழக்கிய பிள்ளை.

"என்ரை கையெழுத்தைத் திருப்பி எடுக்க வந்தனான்."

அவள் சங்கடப்பட்டாள். "அக்கா, அது முதல் வருசத்துக்கு மட்டும்தானே. புதுப்பிக்கேக்கை அயலாற்றை கையெழுத்துக் கேக்கிறேல்லை. நீங்கள்தானே அந்தக் கோட்டை எடுத்துவிட்டனீங்கள்."

உண்மைதான். கடை அனுமதி புதுப்பிக்க வந்த ஒருவர், அயலவர் கொழும்பில் என்று மூன்று தரம் வெயிலில் அலைந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. தலைவரிடம் சொல்லி எல்லாப் புதுப்பித்தல் படிவத்திலிருந்தும் அந்தக் கோடுகளை எடுக்கவைத்தேன். நல்ல மனுசி என்று ஊரே சொன்னது.

"வீட்டை வந்து பாக்கவாவது ஆள் வராதோ?"

"வருவினம் அக்கா. புதுப்பிக்கிறது தையிலை. அப்பதான் வருவினம்."

தையில் கிணறு விளிம்புவரை நிற்கும்.

"ஆடியிலை வந்து ஒரு வாய் குடிச்சுப் பாக்கச் சொல்லும்" என்றேன்.

"எழுதித் தாங்கோ, கூட்டத்துக்கு வைக்கிறன்."

நின்ற நிலையிலேயே எழுதினேன். நாள்வாடகை வீட்டை ஆடியில் பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை வேறு யார் குடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் சபையே அயலவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், வீட்டுக்காரர் கையில் படிவத்தைக் கொடுத்து அனுப்பக்கூடாது. எழுதி, மேசையிலிருந்த தட்டில் போட்டேன். அந்தத் தட்டில் ஒரு கடிதம் எவ்வளவு காலம் கிடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் நின்ற வான் ஒன்றில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இரண்டு பெரிய போத்தல் தண்ணீரோடு படலையடிக்கு வந்தாள்.

"மிஞ்சிப்போச்சு ஆன்ரி, வைச்சிருங்கோ. கிணத்துத் தண்ணி உப்பு, குடிக்க ஏலாது எண்டு வீட்டுக்காரர் முதலே சொன்னவர். நாங்கள் குளிக்க மட்டும்தான் எடுத்தனாங்கள்."

அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் அவன். உவர்த்தது அவனுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது, யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடிக்க வேண்டாம் என்று வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை.

குசினிக்குள் போய் ஒரு போத்தலைத் திறந்து தேத்தண்ணி போட்டேன். நன்றாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. பாதி குடிக்கும்போது அடுத்த வான் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மோட்டர் இரையத் தொடங்கியது. நான் எழும்பவில்லை. மற்றப் போத்தலை நாளைக் காலைக்கென்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.