கஞ்சியும் பயறும் போதும் என்று சொன்னதற்கு

அப்பா விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கிறார். கூலியோடு தினமும் கொஞ்சம் மீனும் தருவார்கள்.

இன்று சாப்பிடும்போது சொன்னேன்: "எடை குறைக்கணும்ப்பா. இனி மீன் வேண்டாம், கஞ்சியும் பயறும் போதும். பெரிய செலவும் இல்ல."

மீன்சட்டி என் தலையைத் தாண்டிப் போய்ச் சுவரில் உடைந்தது.

"நான் சுமந்த மீனு ஒனக்கு நாறுதோடீ?" என்று முடியைப் பிடித்து இழுத்து அறைந்தார். தடுக்க வந்த அம்மாவுக்கும் விழுந்தது. அவள் உதடு கிழிந்துவிட்டது.

அப்பா கை கழுவப் போனதும் அம்மா, "நாளைக்கு அவரு முன்னால ஒரு துண்டாவது தின்னு மக்களே, என்னால தாங்க முடியாது" என்றாள்.

தின்றுவிடுவேன்.

அடி வாங்காமல் டயட் இருக்கத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். போன் சைலண்டில்தான் இருக்கிறது. அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார்.