அந்த எஞ்சினை மாற்றியவன் நான்

மடவளையில் லேத் மிஷின் போட்டிருக்கும் ஒருவரைப் பற்றி இன்றைக்கும் ஒரு கதை ஓடுகிறது. களவு போன ஸ்கூட்டிகளின் எஞ்சின்களை வாங்கி மற்றவர்களின் ஸ்கூட்டிகளுக்குப் பூட்டிக் கொடுப்பவர் அவர் என்பது கதை. போன மாதம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதை என்னிடமே சொன்னார். அந்த லேத் கடை எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கடையைக் கண்டிராத மனிதர் கடைக்காரரின் குற்றத்தை மட்டும் விவரமாகத் தெரிந்து வைத்திருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. என் இடம் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தேன்.

அவர் எந்த எஞ்சினையும் மாற்றவில்லை. மாற்றியவன் நான். குண்டசாலையில் என் வீட்டுப் பின் விறாந்தையில், பட்டப்பகலில், கதிரை போட்டு உட்கார்ந்து மாற்றினேன். இதை பஸ்ஸில் அந்த மனிதரிடம் சொல்லாமல் இறங்கியதுதான் என் வாழ்க்கையின் சுருக்கம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவன். திகதி பிழை, கையொப்பம் இல்லை, கொப்பி உறுதிப்படுத்தப்படவில்லை என்று சொல்லி, இரண்டு பஸ் மாறி வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்றதும் ஸ்கூட்டி எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் என்னுடைய பழைய ஸ்கூட்டியைக் கழற்றினேன், பிறகு பக்கத்து வீட்டுக்காரருடையதை. டெலிபோனில் வீடியோ பார்த்து, பிஸ்டன் ரிங் மாற்றவும் வால்வ் இடைவெளி வைக்கவும் கற்றுக்கொண்டேன். கை பழகியது. கையோடு தலைக்கனமும் பழகியது.

என் மகள் தாதி. வேலைக்கு அவள் போய்வந்தது ஐம்பது சி.சி. ஜப்பான் ஸ்கூட்டி ஒன்றில். வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. புதிதாக வாங்குவதைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் நினைக்கவே முடியாது. எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதையோ சுவரில் சாத்திய ஏணி மாதிரி. மாதத்துக்கு ஒரு தரம் தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளினிக் போய்வரும்போது, பாதி ஏற்றத்தில் ஸ்கூட்டி மூச்சு வாங்கி நின்றுவிடும்.

"நான் முன்னால நடக்கிறேன், வண்டி எனக்குப் பின்னால வருது. இதுக்குப் பேரு வண்டியா?" என்பாள் என் மனைவி.

எஞ்சினை இறக்கினேன். சிலிண்டர் தேய்ந்திருந்தது. அதைத்தான் மடவளைக்குக் கொண்டு போனேன். லேத்காரர் ஐம்பது வயது முஸ்லிம், மரியாதைக்கு அவரை 'நானா' என்பேன். அதிகம் பேசமாட்டார். சிலிண்டரை ஒரு அளவு பெரிதாகக் கடைந்து, அதற்குப் பொருந்தும் பிஸ்டனைத் தேடிப் போட்டு, கடைப் பெயரும் ஊரும் அச்சடித்த பில் ஒன்றில் 'எஞ்சின் வேலை' என்று எழுதித் திகதி போட்டுக் கொடுத்தார். பில் கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். அது அவருடைய பழக்கம்.

வேலை சுத்தம். ஸ்கூட்டி புதிதுபோல ஓடியது. ஆனால் இருவரை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தை ஏற அதற்கு இன்னும் தெம்பு போதவில்லை. அத்தோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. எழுபத்திரண்டு சி.சி. ஆக்கும் பெரிய சிலிண்டரையும் பிஸ்டனையும் வாங்கிக்கொண்டு திரும்பவும் அவரிடம் போனேன். பெரிய சிலிண்டரின் அடிப்பாகம் எஞ்சினின் அடிக்கூடான பழைய கிராங்க்கேஸின் வாய்க்குள் இறங்காது. வாயைக் கடைந்து அகலமாக்க வேண்டும்.

அவர் கிராங்க்கேஸைக் கையில் எடுத்து, விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இதுல கடையிறதுக்கு எடமில்ல சேர். ஒரு பக்கம் மெல்லிசாப் போகும். வெடிச்சிடும்."

"வீடியோவுல செய்றாங்களே நானா."

"வீடியோவுல செய்றவன் இந்த ஏத்தத்துல ஓடுறானா? ஒங்கட மகள்தானே ஓடுற. நான் செய்யமாட்டேன்."

அவர் மறுத்தார் என்பதை எழுதி வைக்கிறேன். இதை வாசிக்கிற யாரும் அதை மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து, வட்ட அரத்தாலும் ட்ரில்லில் பூட்டிய சாணைக் கல்லாலும் நானே ராவினேன். மூன்றாம் நாள் கல் எண்ணெய் போகும் துவாரத்துக்குள் பாய்ந்தது. கிராங்க்கேஸ் பாழ். மகள் அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் போனாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு உறைத்தது. அந்த அவசரத்தில், உடைத்த வாகனங்களின் சாமான் விற்கும் தகரக் கொட்டகை ஒன்றில், ஏற்கெனவே வாய் அகலமாக்கிய கிராங்க்கேஸ் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எஞ்சின் இலக்கம் குத்தியிருப்பது அந்தப் பாகத்தில்தான். கொட்டகைக்காரன் சிரித்துக்கொண்டு சொன்னான்.

"அங்கிள், வேணும்னா நம்பரை ராவித் தாறன். ரெண்டு நிமிஷ வேல."

"சீச்சீ, அது குற்றம்" என்றேன். இலக்கத்தை அழிக்காமல் கொண்டுபோகிறேன் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இலக்கம் வேறு, மாற்றத்தைப் பதிவதற்கு விண்ணப்பம் இருக்கிறது, அதற்கு விற்றவனின் பில் வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தத் தெருவிலேயே இல்லை. கொட்டகைக்காரன் பில் தரவில்லை. நான் கேட்கவுமில்லை. ஒரு கையெழுத்துக் குறைந்ததற்காக ஊர் மனிதர்களை அலையவிட்டவனுக்கு, தன் விஷயம் என்று வந்ததும் அது சின்ன விஷயமாகப் போய்விட்டது.

ஸ்கூட்டி ஏறியது. தாயும் மகளும் அதில் ஏறிவந்து முற்றத்தில் இறங்கியபோது நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "உங்கப்பாவுக்கு இனி நெலத்துல கால் நிக்காது" என்றாள் மனைவி.

ஆறு கிழமை கழித்து ஒரு பின்னேரம் மகள் கோல் எடுத்தாள். வேலை முடிந்து வரும் வழியில் பொலிஸார் மறித்திருக்கிறார்கள். இலக்கம் பொருந்தவில்லை. அதுமட்டுமல்ல, அந்த இலக்கம் களவு போனதாக முறைப்பாடு பதிந்த ஸ்கூட்டியினுடையது.

"என்னப்பா செஞ்சி வச்சிருக்கீங்க? இங்க எல்லாரும் என்னையே பாக்கிறாங்க" என்றாள்.

நான் போனபோது பொலிஸில் ஒரு வாங்கில் வெள்ளை யூனிபோமோடு உட்கார்ந்திருந்தாள். சார்ஜன்ட் சிங்களத்தில் பண்பாகத்தான் கேட்டார். "அங்கிள், இந்த எஞ்சினை யார் செய்தது?"

நான் என்று சொல்ல வேண்டியதுதான். ஒரு சொல். கொட்டகை இருக்கும் இடத்தையும் காட்டியிருக்கலாம். பில் இல்லாமல் களவுச் சாமான் வாங்கினேன் என்று என் வாயால் சொல்வதா என்று பயந்தேன். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் மகளின் பெயர் நீதிமன்றத்துக்குப் போகும் என்று பயந்தேன். மகளுக்காகத்தான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் முதலில் வந்தது என் பயம்தான். வாகனக் கடதாசிகளோடு சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த லேத்காரரின் பில்லை எடுத்து மேசையில் வைத்தேன். 'எஞ்சின் வேலை.' நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. ஒரு கடதாசி எவ்வளவு பேசும் என்பது கிளார்க்குக்குத் தெரியும்.

சார்ஜன்ட் கடைப் பெயரை வாசித்தார். ஊரை வாசித்தார். அதற்குமேல் அவர் எதையும் வாசிக்கவில்லை. அந்தப் பெயரும் அந்த ஊரும் போதுமாக இருந்தன. திகதியை வாசித்திருந்தால், நான் அந்தக் கிராங்க்கேஸை வாங்குவதற்கு ஒரு மாதம் முந்திய வேலை அது என்ற பேச்சு எழுந்திருக்கும். திகதி நீல மையில் தெளிவாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

களவுச் சாமான் விற்றவன் இன்றும் விற்கிறான். அவனிடம் கடதாசியே கிடையாது. அவனை எதைக் கொண்டு பிடிப்பது? பில் எழுதிக் கொடுத்தவர்தான் அகப்பட்டார். இந்த நாட்டில் நேர்மையாக நடப்பவனுக்குத்தான் முகவரி இருக்கிறது, பொலிஸும் அந்த முகவரிக்குத்தான் போகிறது. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. அந்த முகவரியை எடுத்து நீட்டிய கை என்னுடையது என்பதை நினைத்தால் எரிவதற்கும் வழியில்லை.

மகளை அன்றே விட்டுவிட்டார்கள். லேத்காரரை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். கடையில் இருந்த வாடிக்கையாளர்களின் எஞ்சின்களை எல்லாம் பரிசோதனைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்றிலும் பிழை இல்லை. குற்றச்சாட்டு எதுவும் வைக்கவில்லை. ஆனால் எஞ்சின்கள் திரும்பிவர மாதங்கள் ஆகின. அதற்குள் மடவளை சந்தியில் கதை முளைத்து மரமாகிவிட்டது.

இரண்டு கிழமை கழித்துப் போனேன். எண்ணெய்த் துணியால் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நானா, நான் போய் உண்மையை எழுதிக் குடுக்கிறேன்."

"எப்ப சேர்?"

"நாளைக்கே."

"பில்லைக் குடுக்கிற நேரம் வாய் எங்க ஈந்திச்சி?"

அவர் துணியை உதறி மடித்தார்.

"இப்ப போனா ஒங்கட மகளைத் திரும்பக் கூப்பிடுவாங்க. அந்தப் புள்ள என்ன குத்தம் செஞ்சிச்சி? போங்க சேர். எனக்கு வேல ஈக்கி."

வேலை எதுவும் இருக்கவில்லை. லேத்துக்குக் கீழே ஒரு இரும்புச் சீவல்கூடக் கிடக்கவில்லை. அதைக் கண்டும், அவர் சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு நிம்மதி. வெட்கம் கெட்ட நிம்மதி.

ஒரு வருடம் போனது. களவு எஞ்சினைக் கழற்றிவிட்டு மகளுக்கு ஸ்கூட்டியைத் திரும்பக் கொடுத்தார்கள், அவள் அதைத் தொடவுமில்லை, வேறு எஞ்சின் பூட்ட என்னை விடவுமில்லை. பஸ்ஸில்தான் போய்வந்தாள். ஒரு நாள் காலைச் சாப்பாட்டில் கேட்டாள்.

"அப்பா, அந்த பில் முதல் வேலைக்கு உள்ளதுதானே?"

"ஓம்மா."

"அப்ப நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"

நான் போனேன். சார்ஜன்ட் இடம் மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அவர்மேல் குற்றமே இல்லை, அங்கிள். பிறகு எதை அழிப்பது? வீட்டுக்குப் போங்கள்." சந்தேகம் எழுதப்பட்டிருந்தால் அடித்துத் திருத்தலாம். எழுதாமல் ஊருக்குள் விட்டுவிட்ட சந்தேகத்துக்கு எந்த விண்ணப்பமும் இல்லை. ஒரு மனிதரின் பெயரைக் கெடுக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்த மேசையில், அதைத் திருத்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. அங்கே நான் சத்தம் போட்டேன். என் வயதைப் பார்த்து மன்னித்தார்கள். அதுவும் ஆத்திரமாக இருந்தது.

அங்கிருந்து நேரே மடவளை சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போய், நாலு பேர் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். மாற்றியது நான், அவர் மறுத்தார், பில் பழைய பில். சொல்லி முடிந்ததும் வயதான ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"சேர், ஒங்கட மனசு பெரிசு. வேற மார்க்கத்து ஆள், எங்கட ஆளைக் காப்பாத்த இப்பிடிப் பழியை எடுக்கிறீங்க."

"இல்ல, நான்தான் செஞ்சேன்."

"சரி சேர், சரி. தேத்தண்ணி குடிங்க."

நான் மேலும் சொல்லச் சொல்ல, அவர்கள் பார்வையில் மேலும் நல்லவனாகிக்கொண்டே போனேன். நான் ராவிக் கெடுத்த கிராங்க்கேஸ் வீட்டில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். தலையாட்டினார்கள். எவரும் வரவில்லை. ஒரு நடுத்தர வயதுக்காரர் மட்டும் வெளியே என்னைத் தொடர்ந்து வந்தார்.

"அப்ப மெய்யாவே நீங்க எஞ்சின் செய்வீங்களா சேர்? என்ட ஸ்கூட்டி ஏத்தம் ஏறுதில்ல."

"அவரிட்டக் கொண்டு போங்க."

"அவரிட்டயா..." என்று இழுத்தார்.

"வாங்க, நானும் வாறேன்" என்று ஸ்கூட்டியின் ஹேண்டிலைப் பிடித்தேன். விட்டால் ஓடிவிடுவார் என்று தெரியும். இருவருமாகத் தள்ளிக்கொண்டு போனோம். கடை வாசலில் அவர் உள்ளே வரவில்லை. ஹெல்மட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீதிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். லேத்காரர் என்னைப் பார்த்தார், ஸ்கூட்டியைப் பார்த்தார், பிறகு குரல் கொடுத்தார்.

"வண்டிப் புத்தகத்திட கொப்பி ஈக்கா?"

"ஊட்டுல ஈக்கி. எடுத்துட்டு வாறன்" என்று சொல்லி அந்த மனிதர் வந்து ஸ்கூட்டியைத் திருப்பி, உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

"வரமாட்டான் சேர். நீங்க போங்க."

"நிக்கிறேன்" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். உட்காரச் சொல்லவில்லை. அந்த மனிதர் போன பாதையைப் பார்த்துக்கொண்டு, கடை பூட்டும் வரை வாசலில் நின்றேன்.